விடுதி வாசலில் நான் முறித்த குழை

பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் நாளே, விடுதிக்குள் காலை வைப்பதற்கு முன்பே, கையும் களவுமாகப் பிடிபட்டவள் நான். ஒப்புக்கொள்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அன்ரி, பயமாக் கிடக்கு" என்று என்னிடம் வருவார்கள். நான் ஆறுதல் சொல்வதில்லை. இந்தக் கதையைத்தான் சொல்லுவேன். கேட்டு முடிந்ததும் அவர்களுடைய பயம் போய்விடும். என்ன செய்தாலும் இந்த அன்ரி அளவுக்கு மோசமாகச் செய்ய முடியாது என்ற துணிவு வந்துவிடும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீடு வன்னிக் காட்டோரமாக அக்கராயனில், குளத்துத் தண்ணீர் பாய்கிற வயற்காணியில் இருந்தது. ஐயாவும் அம்மாவும் வடமராட்சியிலிருந்து வந்து குடியேறியவர்கள். பனையையும் கிடுகு வேலியையும் தவிர வேறொன்றும் கண்டறியாத அம்மாவை ஐயா ஒருநாள் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து, மூன்று பக்கமும் காடு சூழ்ந்த காணியில் இறக்கிவிட்டார். முதற் கிழமையே யானை வந்து வாழையெல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போனது. அம்மா பெட்டியைக் கட்டிவிட்டார். அவரை மறித்தது அயல்வளவுக்காரி ஒருத்தி சொல்லிக்கொடுத்த குழை வழக்கம்.

வழக்கம் இதுதான். காட்டுப் பாதைக்குள் நுழைய முன்பு, இலையோடு கூடிய சின்னக் கொப்பு ஒன்றை முறிக்க வேண்டும். அதுதான் குழை. அதைப் பாதையோர மரக் கவட்டில் வைத்து, "ஐயனாரே, நீதான் துணை" என்று கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும். குழை வைத்துப் போனவரை யானையும் தொடாது, கரடியும் தொடாது. இன்னொன்று, காட்டுக்குள்ளே யானை என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. "பெரியவர்" என்றுதான் சொல்ல வேண்டும். பேரைச் சொன்னால், கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடுமாம்.

ஊரின் பழைய சனங்கள் காட்டு வாசலில் மட்டும்தான் குழை வைத்தார்கள். எங்கள் அம்மாவோ புதிதாக வந்து சேர்ந்தவர். (புதுப் பெண்சாதி கூட்டுகிற கூட்டலில் முற்றம் பள்ளமாகும் என்பார்களே, அந்தக் கணக்கு.) ஆஸ்பத்திரி வாசலில் குழை வைத்தார். சங்கக்கடை வாசலில் வைத்தார். காணி அலுவல் பார்க்கிற கந்தோர் வாசலில் வைத்தார். கடைசியில், நான் பல்கலைக்கழகச் சோதனை எழுதிய மண்டப வாசலில் நின்ற வேப்பமரத்திலும் ஒரு குழை ஏறியது. நான் பாஸ். இரண்டு வருடமாக விழுந்து விழுந்து படித்தவள் நான், பேர் வேப்பங்குழைக்கு.

கடிதம் வந்ததும் ஊரே திரண்டு வீட்டுக்கு வந்தது. பல்கலைக்கழகம் இருந்தது மலைநாட்டில். எங்கள் பக்கத்தில் அதைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. அதனால் எல்லோரும் அதைப் பற்றி மிகவும் விரிவாகக் கதைத்தார்கள்.

"அங்கை பச்சைத் தண்ணியிலை குளிச்சால் மூச்சு நிண்டிடுமாம்."

"கையாலை சாப்பிட்டால் எழுப்பி விட்டிடுவினமாம்."

"பழைய மாணவியள் புதுப்பிள்ளையளை அறைக்குள்ளை பூட்டி வைச்சுக் கேள்வி கேப்பினமாம். அதுவும் இங்கிலீசிலை."

மூன்றாவதுதான் என்னைப் பயப்படுத்தியது. இங்கிலீசு வாசித்தால் விளங்கும், எழுதவும் செய்வேன். ஆனால் வாயைத் திறந்தால் ஒரு வசனம் வெளியில் வர ஒரு போகம் ஆகும்.

முள்ளுக்கரண்டிக்கு மட்டும் ஒரு வழி செய்தோம். போஸ்ற் மாஸ்ரர் வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. அதை இரவல் வாங்கி, காலையில் புட்டில் பயிற்சி எடுத்தேன். புட்டு முள்ளின் இடுக்கால் விழுந்து, மடியில் கொட்டுண்டு, கோழிகள் என்னைச் சுற்றிக் கூடிவிட்டன. ஒரு கிழமைப் பயிற்சி முடிவில் கோழிகள் கொழுத்தன. நான் ஒரு சுற்று மெலிந்தேன்.

புறப்படுகிற அன்று அம்மா தன் தீர்ப்பைச் சொன்னார்.

"இஞ்சை பார் பிள்ளை, அங்கை இருந்து அழுதழுது படிக்க வேண்டாம். ஏலாதெண்டால் ஐயாவோடையே திரும்பி வா. நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனா ஒண்டு. நீ திரும்பி வந்தால் உன்ர படிப்பும் முடிஞ்சுது, தங்கச்சியின்ர படிப்பும் முடிஞ்சுது. நெடுங்கேணிப் பகுதிக்கு ஓமெண்டு சொல்லிவிடுவன்."

நெடுங்கேணிப் பகுதி என்றால், அங்கே ட்ரக்டர் வைத்திருந்த ஒரு மாப்பிள்ளை. அவருடைய முகம் எனக்கு இப்போது ஞாபகமில்லை. ட்ரக்டரின் நிறம் சிவப்பு. தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எப்பிடியாவது சமாளி. எனக்காக" என்று காதுக்குள் சொன்னாள். அவளுக்கு டொக்டராக வர ஆசை.

"இன்னொண்டு," என்று அம்மா படலையடியில் நின்று கூப்பிட்டுச் சொன்னார். "உள்ளுக்குப் போக முதல் வாசலிலை ஒரு குழை. மறந்திடாதை!"

கிளிநொச்சியில் ஐயாவும் நானும் றெயில் ஏறினோம். ஐயா அதிகம் கதைக்காத மனிதர். அன்றைக்கென்று ஒரே வசனத்தை ஒவ்வொரு ஸ்ரேசனிலும் சொன்னார்.

மாங்குளத்தில், "பிள்ளை, பயமெண்டால் சொல்லு. இறங்கி மற்றப் பக்கம் போற றெயிலைப் பிடிச்சால் சரி."

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கச்சியின் முகம் வந்தது. மூடிவிட்டேன். வவுனியாவில் திரும்பவும் கேட்டார். அப்போது வாய்க்குள் வடை. மதவாச்சியில் கேட்டார், சிவப்பு ட்ரக்டர் கண்ணுக்கு முன்னால் வந்தது. பொல்காவலையில் றெயில் மாறி ஏறினோம். மலை ஏறத் தொடங்கியதும் குளிர் காற்று வந்து முகத்தில் அடித்தது. அதோடு என் துணிவு எல்லாம் கழன்றுவிட்டது. தங்கச்சியாவது டொக்டராவது! "ஐயா, திரும்பிப் போவம்" என்று சொல்வதற்காகத் திரும்பினேன். ஐயா குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். வழி முழுக்கக் கேட்ட மனிதர், பதில் தயாரான நேரம் பார்த்துத் தூங்கிவிட்டார்.

எனவே நான் துணிவால் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தவள் அல்ல. ஐயாவின் குறட்டையால் போய்ச் சேர்ந்தவள்.

பெண்கள் விடுதி ஒரு மேட்டில் இருந்தது. வாடகைக் கார் அடிவாரத்தில் நின்றது. சுற்றிவரப் பச்சைப் பசேல் என்று வெட்டிவிட்ட புல்வெளி. ஐயா இறங்கி நின்று நாலு பக்கமும் பார்த்தார்.

"இவ்வளவு தண்ணி வளம்," என்றார் மனவருத்தத்தோடு. "ஒரு போகம்கூட வைக்கேல்லை. வெறும் புல்லு வளர்க்கினம்."

அவர் என் றங்குப் பெட்டியை இறக்க நின்றார். நான் முன்னே படியேறினேன். என் மனதில் ஒரே ஒரு விடயம்தான், குழை. வாசலைக் கண்டேன். ஆனால் குழை எங்கே? பெரிய மரங்களின் கொப்புகள் எட்டாத உயரத்தில் இருந்தன. பூச்செடிகளில் குழை முறிப்பது முறையில்லை. அப்போதுதான், வாசலுக்கு நேர் எதிரே, வெள்ளை பூசிய செங்கல் வட்டத்துக்குள் என் தோள் உயரத்தில் ஓர் இளமரம் நிற்பதைக் கண்டேன். பக்கத்தில் ஒரு பித்தளைப் பலகை. ஐயனார் எனக்காகவே நட்டு வைத்த மாதிரி இருந்தது.

பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. (ஒரு பலகையை வாசிக்காதவள் பல்கலைக்கழகத்தில் என்னத்தை வாசிக்கப் போகிறாள் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.) மரத்தில் மொத்தம் ஐந்து கொப்புகள் இருந்தன. அம்மாவின் மகள் அல்லவா நான்? இருப்பதில் திறமான நடுக் குருத்தையே சடக்கென்று முறித்தேன். வைப்பதற்கு மரக்கவடு இல்லை. அந்தப் பித்தளைப் பலகையின் மேல் விளிம்பில் வடிவாகத் தொங்கவிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி, கைகூப்பி, "ஐயனாரே, நீதான் துணை" என்று மூன்று முறை சத்தமாகச் சொல்லிக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தேன்.

எதிரே ஐயனார் இல்லை. விடுதிக்குப் பொறுப்பான வோடன் அம்மா நின்றார்.

உயரமான, இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பறங்கிப் பெண்மணி. கவுண், மூக்குக்கண்ணாடி, கையில் புதுப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல். அவருக்குப் பின்னால் பெட்டிகளோடு பத்துப் பதினைந்து புது மாணவிகள், அவர்களுடைய தாய் தகப்பன்மார். மேல்மாடியில் வரிசையாகப் பழைய மாணவிகள்.

வோடன் அம்மா பலகையைக் காட்டி, வாசி என்றார். வாசித்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய விருந்தினர் ஒருவர், இரண்டு மாதங்களுக்கு முன்பு, தம் கையாலேயே நட்ட மரமாம் அது. அவருடைய பெயருக்கு மேலேதான் என் குழை தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் இதைச் செய்தாய்?" என்று இங்கிலீசில் கேட்டார்.

மனதுக்குள் வசனங்களைத் தேடினேன். வழக்கம், நம்பிக்கை, வன்னி, அம்மா, ஒன்றுக்கும் இங்கிலீசு வரவில்லை. கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "எலிபன்ற்ஸ், மேடம்."

(தமிழில்தான் பேர் சொல்லக்கூடாது. இங்கிலீசில் சொன்னால் அதுக்கு விளங்காது என்று அந்த நேரத்திலும் யோசித்துத்தான் சொன்னேன்.)

"யானைகளா?" வோடன் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "என்னுடைய விடுதிக்குள் என்ன மிருகம் இருக்கிறது என்று நினைத்தாய்?"

கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை நான். அண்ணாந்து மேல்மாடியைப் பார்த்தேன்.

"சீனியர்ஸ், மேடம்."

மேல்மாடி வெடித்துச் சிரித்தது. எனக்குப் பின்னால் நின்ற புதுப் பிள்ளைகளும் சிரித்தார்கள். ஒருத்தி பெட்டியின் மேலேயே குந்திவிட்டாள். நான் மட்டும் வெறுங்காலோடு, பூமி பிளக்காதோ என்று நின்றேன்.

அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் இரண்டு பக்கத்தால் வந்தார்கள். ஒரு பக்கம், தோளில் றங்குப் பெட்டியோடு ஐயா. மறு பக்கம், கையில் மண்வெட்டியோடு விடுதித் தோட்டக்காரர். இரண்டு மாதமாக அந்த மரத்தைக் குழந்தை மாதிரி வளர்த்த மனிதர். நுனி மொட்டையாக நின்ற மரத்தைக் கண்டதும் அவருக்கு முகம் கறுத்துவிட்டது. மண்வெட்டியை ஓங்கி நிலத்தில் குத்தினார். நான் ஐயாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

பிறகு அவர் பலகையில் தொங்கிய குழையைக் கண்டார். கழற்றிக் கிடந்த என் செருப்பைப் பார்த்தார். மெதுவாகத் தலைப்பாகையை அவிழ்த்தார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

பதில் சொன்னவர் ஐயா! நல்ல சரளமான சிங்களத்தில்! என் வாய் பிளந்தபடியே நின்றது. கலியாணத்துக்கு முன்பு ஐயா குருநாகல் பக்கம் சுருட்டுக் கடையில் எட்டு வருடம் நின்றவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் தமிழிலேயே நாலு சொல்லுக்கு மேல் கதைக்காத மனிதர், சிங்களத்தில் இவ்வளவு கதை வைத்திருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார்கள். நடுவில் வோடன் அம்மாவும் சிங்களத்தில் சேர்ந்துகொண்டார். என் வாழ்க்கையைப் பற்றிய வழக்கு எனக்கு விளங்காத மொழியில், என் கண்முன்னாலேயே நடந்தது.

நடந்தது என்னவென்று பிறகு ஐயா சொல்லித்தான் தெரியும். தோட்டக்காரர் மதவாச்சிக்கு அப்பால் ஒரு காட்டுக் கிராமத்தவர். அவர்களும் காட்டுக்குள் போக முன்பு இப்படித்தான் கொப்பு முறித்து வைப்பார்களாம். ஐயனாரை அவர்கள் ஐயநாயக்க என்பார்களாம். "இந்தப் பிள்ளை கெட்ட எண்ணத்தில் முறிக்கவில்லை அம்மா. பயந்து போய்ச் செய்திருக்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளையும் இதைத்தான் செய்யும். ஆனால் பலகையில் வைத்ததுதான் பிழை" என்று வோடன் அம்மாவுக்குச் சொன்னாராம். சொல்லிவிட்டு அந்தக் குழையை எடுத்து, ஓரமாக நின்ற பெரிய மரத்தின் கவட்டில் முறைப்படி வைத்துக் கும்பிட்டார். அதை மட்டும் நான் கண்ணால் கண்டேன்.

வோடன் அம்மாவின் முகம் இளகிவிட்டது. ஐயாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். ஐயா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, அவா நல்ல மனிசி. இவ்வளவு பயந்த பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாமெண்டு சொல்லுறா. இப்பவே கூட்டிக்கொண்டு போகலாமாம். மரத்தைத் தான் பாத்துக்கொள்ளுறாவாம். வா, வீட்டை போவம்."

மாங்குளத்திலிருந்து நான் காத்துக்கொண்டிருந்த வார்த்தை அது. கோபமில்லை, குற்றமில்லை, ஒருவரும் குறை சொல்லப்போவதில்லை. பெட்டி கூட இன்னும் ஐயாவின் தோளில்தான் இருந்தது. கார் கீழே நின்றது. "ஓம் ஐயா" என்று இரண்டு சொல் சொன்னால் போதும்.

ஏனென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வாயைத் திறந்ததும் பெரிய அழுகைதான் வந்தது. சாதாரண அழுகை இல்லை, ஒப்பாரி. ஓடிப்போய் விடுதி வாசல் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"நான் வரமாட்டன்! வீட்டை வரமாட்டன்! என்னை இஞ்சை விட்டிட்டுப் போங்கோ!"

"அழாதை பிள்ளை, ஆரும் உன்னை..."

"வீட்டை கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, ஐயா! நான் படிக்கப்போறன்!"

இத்தனை மணித்தியாலப் பயமும், கோழி தின்ற புட்டும், இங்கிலீசும், குளிரும், எல்லாம் சேர்ந்து கண்ணாலும் மூக்காலும் கொட்டியது. அந்தத் தூணைக் கட்டிப்பிடித்து அழுதபோதுதான் எனக்கே தெரிந்தது, நான் அங்கே படிக்க எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்று. அதுவரைக்கும் பயம் முன்னுக்கு நின்று மறைத்துக்கொண்டிருந்தது.

மேல்மாடியில் இப்போது சிரிப்பில்லை. பழைய மாணவி ஒருத்தி ஓடி இறங்கிவந்து என் செருப்பை எடுத்துத் தந்தாள். வோடன் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெயர்ப் பட்டியலில் என் பெயருக்கு நேரே சரி போட்டார். பிறகு, "நாளைக் காலை ஆறு மணிக்கு வாளியோடு வா. அந்த மரம் துளிர்க்கும்வரை தண்ணீர் ஊற்றுவது உன் பொறுப்பு" என்றார்.

பழைய மாணவிகளின் பகிடிவதை இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். சீனியர்ஸ் என் கையில் ஒரு கட்டுக் குழையைத் தந்து, விடுதியின் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு குழை வைத்து, உள்ளே இருக்கும் 'மிருகத்தின்' பெயரைக் கேட்டுக் கும்பிட்டுவிட்டு வரச் சொன்னார்கள். இரண்டு நாளில் விடுதி முழுவதும் எனக்குப் பழக்கமாகிவிட்டது. மற்றப் புதுப் பிள்ளைகள் பக்கத்து அறைக்காரியின் பெயர் தெரியாமல் மூலையில் இருந்து அழுதபோது, எனக்கு ஒவ்வொரு அறையிலும் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் கிடைத்தது. முள்ளுக்கரண்டியும் பெரிய விசயமாகப் போகவில்லை. பெரிய விருந்து நாட்களில் மட்டும்தான் அது. அன்றைக்கு எல்லாருடைய மடியிலும் சோறு கிடந்தது. ஆறு மணிக்கு எழும்பி வாளி தூக்கியதில் குளிரும் விட்டுப்போனது. முறிந்த இடத்தில் ஒரு மாதத்துக்குள் இரண்டு குருத்து வந்தது. அன்றைக்குத் தோட்டக்காரர் எனக்கு ஒரு வெல்லக்கட்டி தந்தார்.

தங்கச்சியும் பிறகு படித்து டொக்டரானாள். நெடுங்கேணி மாப்பிள்ளை வேறு யாரையோ கட்டிச் சந்தோசமாக இருந்தார் என்று கேள்வி.

ஆனால் ஐயா என்னை விட்டுவிட்டு வீடு திரும்பியபோது நடந்ததுதான் எனக்கு வினையாகப் போனது. தங்கச்சி எழுதின கடிதத்தில் தெரிந்தது. ஐயா தனியே திரும்பி வந்ததும், அம்மா படலைக்கே ஓடிப்போய்க் கேட்டாராம்.

"பிள்ளை என்னண்டு நிண்டது? அழுததோ?"

"அழுதது."

"ஐயோ, என்ர குஞ்சு!" அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாராம். "என்ன சொல்லி அழுதது?"

ஐயாவுக்குப் பொய் சொல்ல வராது. சுருக்கிச் சொல்லத்தான் வரும்.

"வீட்டை வரமாட்டனெண்டு அழுதது."

மரம், குழை, வோடன், தோட்டக்காரர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த மனிதர் சொன்னது அந்த ஒரு வசனம்தான். முதல் விடுமுறைக்கு நான் ஆசையோடு ஓடிவந்து படலையைத் திறந்தேன். அம்மா குசினிக்குள் இருந்தபடியே, "வீட்டை வரமாட்டனெண்டு அழுதவா வந்திட்டா. ஒரு கோப்பை கழுவி வை" என்று தங்கச்சிக்குச் சொன்னார். முழுக்கதையையும் நான் விளங்கப்படுத்தினேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் அந்த வசனத்தை மட்டும் விடவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு எனக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படுகிற நேரம் எல்லோரும் அழுதார்கள். ஐயாகூடச் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. சந்தோசமாக இருந்தேன், என்ன செய்ய? மாப்பிள்ளையின் தாயார் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "பொம்பிளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீரும் வரேல்லையே" என்று அம்மாவின் காதில் சொன்னார்.

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அது வீட்டை விட்டுப் போக அழாது, சம்மந்தி. வீட்டை வா எண்டு கூப்பிட்டால்தான் அழும்."

அதை அன்றைக்குக் கேட்டுக்கொண்டு நின்றவர் என் கணவர். கலியாண வீடு, பிறந்தநாள் வீடு என்று எங்கே போனாலும், நான் கதையில் மூழ்கி நேரம் போவது தெரியாமல் இருப்பேன். அவர் எழும்பி, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, சபையைப் பார்த்து இன்றைக்கும் கேட்பார்:

"நான் இப்ப இவாவை வீட்டை போவமெண்டு கேக்கப்போறன். ஆரிட்டையாவது கண் துடைக்க ஒரு லேஞ்சி இருக்கோ?"